இருபதாவது இழையில் காரம்

காலை மணி 10.20.

"தண்ணி... தண்ணி!"

சந்திரமோகனின் கையிலிருந்து ஸ்பூன் நழுவி மண்டபத் தரையில் உருண்டது. முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. இரண்டு டம்ளர் மோர் உள்ளே போன பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது.

"ரெண்டாம் நம்பர் யாருதும்மா? சாஸ் கேட்டா நெருப்பை அடைச்சுக் குடுத்திருக்கீங்க!"

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, வேறு எவரும் சிரிக்காததால் இருமுவதுபோல் பாவனை செய்தார்.

2003 ஆகஸ்டில், ஆரணியின் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மகளிர் குழுக் கண்காட்சி அது. சந்திரமோகன் செய்யாரில் ஒரு தொழிற்சாலைக்குச் சாப்பாடு போடும் கான்டீன் ஒப்பந்தக்காரர். மேஜைக்கு ஒன்றாக வைக்க மிளகாய் சாஸ் தேடி வந்திருந்தார். மாதம் நானூறு பாட்டில். போட்டிக்கு வந்தவை இரண்டு. ஒன்றாம் நம்பர், கடைத்தெருவில் மிளகாய் அரவை மில் வைத்திருக்கும் குப்புராஜுடையது. இரண்டாம் நம்பர், சுபத்ராவின் குழுவுடையது.

சுபத்ரா எழுந்து நின்றாள். கண்ணமங்கலம் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பெண். பத்து மாதம் முன்புவரை விடியற்காலை நாலரைக்குச் செய்யார் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவள். தூங்கும் மகளின் முகத்தை மட்டுமே பார்த்த வருடங்கள் அவை. அந்த வேலையை விட்டுவிட்டு இந்தச் சாஸில் இறங்கினாள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் மறுபடி அதே பஸ்தான்.

"சார், இது என் சாஸ் இல்ல. எங்க காரம் இப்டி பாயாது. முழுங்கின அப்புறம் மெதுவா வரும். இதே அடுப்புல காய்ச்சின பாட்டில் வெளிய ஸ்டால்ல கீது, தொட்டுப் பாருங்க."

"அது நல்லா இருந்து இது இப்டி இருந்தா இன்னும் மோசம்மா. ஒரே அடுப்புல ரெண்டு ருசி. அத்தனை பேர் வாயில நான் எதை நம்பி வைக்கிறது?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கு எனக்கு பஸ். அதுக்குள்ள யாராவது விளக்கம் சொன்னா கேக்கறேன்."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இன்னொரு நடுவர் இருந்தார். அபிதகுசாம்பாள், வயது ஐம்பத்திரண்டு, பட்டுச் சாயப் பட்டறை நடத்துபவர். சாயம் கலக்கும் முன் தொட்டித் தண்ணீரில் புளிப்பு போதுமா என்று ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே முப்பது வருடம் கழித்தவர். அந்த நாக்குக்காகத்தான் அவரை அழைத்திருந்தார்கள்.

அவரும் இப்போது இரண்டாம் நம்பரை ஒரு துளி வைத்துக்கொண்டார். உதடு எரிந்தது. நுனி நாக்கு எரிந்தது. அவர் மோரைத் தொடவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தார். எரிச்சலுக்கு அடியில் வேறொன்று, தாமதமாக, தொண்டைக்குள் இதமாக ஏறியது.

அடியில் இருப்பது சுபத்ராவின் சாஸேதான். மேலே யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

அவருக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் துளிர்த்தது. சிக்கலைக் கண்டால் வரும் சந்தோஷம். எதிரே ஒரு பெண் நடுங்கிக்கொண்டு நிற்கையில் அது வந்ததற்காக அவர் கொஞ்சம் கூசினார். ஆனாலும் அதை விடவில்லை.

மணி 10.45.

மண்டப மேனேஜர் இராஜமாணிக்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயந்திரம் அஞ்சு மணிக்கு நீங்களே கூட இருந்தீங்களேம்மா. உங்க பட்டறை வெள்ளைப் பட்டு நூலு. மூடி மேல குறுக்கா இழுத்து, கழுத்துல முடிச்சுப் போட்டு, அரக்கு வெச்சு, மண்டப முத்திரை குத்தினேன். காலைல பத்து மணிக்கு எல்லார் எதிர்லயும் நான்தான் கத்திரியால வெட்டினேன். அரக்கு அப்படியே இருந்துச்சு."

"பாட்டில் எங்க இருந்தது?"

"ஆபீஸ் பீரோல."

"சாவி?"

அவர் தயங்கினார். "பிள்ளையார் படத்துக்குப் பின்னால ஆணில."

"அது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"இந்த மண்டபத்துல கல்யாணம் பண்ண எல்லாருக்கும்."

"முத்திரை வெச்ச பிறகு யார் யார் வந்தாங்க?"

"நான் டீக்கடைக்குப் போயி முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுக்கு முன்னால குப்புராஜ் வந்து பேனர் கட்டினாரு. நான் திரும்பி வரச்சே சுபத்ரா குழுவுல இருக்கற காசியம்மா ஸ்டாலுக்குத் துணி விரிச்சுகினு இருந்துச்சு. அவ்ளோதான்."

"குப்புராஜ் அண்ணந்தான்!" சுபத்ராவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "மொளகாத் தூளுக்கு அவருகிட்ட பஞ்சமா? சட்டையப் பாருங்க, சிவப்பு!"

குப்புராஜ் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். உண்மைதான், சிவப்பாக இருந்தது.

"மில்லுக்காரன் சட்டை பச்சையாவா இருக்கும்? நல்லா பேசற தங்கச்சி. இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். ஒருத்தன் என்னைத் திருடன்னு சொன்னதில்ல."

அவர் குரல் கடைசியில் உடைந்தது. கோபக்காரரின் குரல் அப்படி உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க. இன்னும் எதுவும் தெரியல," என்றார் அபிதகுசாம்பாள்.

மணி 11.05.

அவர் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டைக் கிண்ணத்தின் மேல் விரித்து, இரண்டாம் நம்பர் சாஸை ஊற்றி வடித்தார். துணியில் தங்கியதை வெயிலுக்குக் கொண்டுபோனார். கரகரப்பான மிளகாய்த் துகள். நடுவில் கொத்தமல்லி விதையின் உடைந்த தோல். ஓரத்தில் மஞ்சளின் கறை. அப்புறம் கரும்பு நார் ஒன்று, மயிரிழை அளவுக்கு.

"குப்புராஜ், உங்க மில்லுத் தூள்ல தனியா விதை சேர்ப்பீங்களா?"

"சேர்த்தா எவன் வாங்குவான்? தனி மொளகாதான். மாவு மாதிரி இருக்கும்."

"சுபத்ரா, உன் சாஸ்ல இனிப்புக்கு என்ன?"

"சக்கரைம்மா. வெள்ளைச் சக்கரை."

"தூள் போடுவியா?"

"கெடயாது. மொளகாய ஊற வெச்சு அரைக்கிறதுதான்."

அபிதகுசாம்பாள் தலையாட்டினார். பிறகு, "அந்த நூல் எங்க?" என்று கேட்டார்.

இராஜமாணிக்கம் குப்பைத் தட்டிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார். வெட்டுப்பட்ட நூல், ஒரு நுனியில் அரக்குப் பொட்டு. அவர் அதை ஆட்காட்டி விரலில் சுற்றி, சூரியனுக்கு நேராகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். மண்டபமே அவர் விரலைப் பார்த்தது. பிறகு நூலைத் தன் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இப்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

மணி 11.30.

சுபத்ராவின் ஸ்டாலில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெசவுக் குடும்பத்தில் வந்தவள், கணவன் இல்லை, ஐம்பதை நெருங்குகிறாள். வாரத்தில் நான்கு நாள் தறிகளுக்குப் பாவு பிணைக்கப் போவாள். தீர்ந்துபோன பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கி ஒட்டவைக்கிற வேலை. முடிச்சே தெரியாது. மீதி நாட்களில் சாஸ். அவள் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு.

அவளுடைய இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. கீழுதட்டில் பல் பதிந்த காயம் ஒன்று கறுத்துக் காய்ந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு வாய்க்கு?"

"நேத்து மூணு மணிக்குக் கடவாப் பல்லு புடுங்கினாங்கம்மா. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு."

"உதட்டுல?"

"தெரியலியே. வீட்டுக்கு வந்து கண்ணாடில பாத்தப்பதான் ரத்தம் தெரிஞ்சுது."

"வலிக்கலியா?"

"ஊசி போட்டாங்கல்ல. ராத்திரி வரைக்கும் மரத்துக் கெடந்துச்சு."

அபிதகுசாம்பாள் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க குழுவில காரம் சரியா இருக்கான்னு பாக்கறது யாரு?"

"நான்தான்." காசியம்மாளின் குரல் இறங்கியது.

"எப்டி பாப்ப?"

"நாக்குல ஒரு சொட்டு வெச்சு முழுங்கிட்டு, பாவு பிணைக்கிற கணக்குல எண்ணுவேன். ஒரு இழை, ரெண்டு இழைன்னு. இருபதாவது இழையில தொண்டையில ஏறணும். பத்துல ஏறினா சாஸ்தி. முப்பது ஆச்சுன்னா சப்பு."

சொல்லும்போதே அவளது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மடியில் ஒன்றோடொன்று உரசின. அபிதகுசாம்பாள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பட்டறையிலிருந்து போன பட்டு எத்தனை முறை இந்த விரல்களுக்குள் புகுந்து வெளியே வந்திருக்கும்? ஒருநாளும் இவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்லப்போவதோ வேறு வார்த்தை.

சொல்லாமல் விட்டால் என்ன? விட்டால் குப்புராஜ் திருடனாகவே வீட்டுக்குப் போவார். சுபத்ரா பஸ் ஏறுவாள். இந்த ஒருத்தி மட்டும் தப்புவாள். அப்புறம் அவளால் நிம்மதியாகச் சாப்பிடவும் முடியாது.

"வா, உள்ள போலாம்," என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

மணி 11.50.

"பூட்டு இங்க பூட்டே இல்ல," என்று தொடங்கினார் அபிதகுசாம்பாள். "சாவி எல்லாருக்கும் தெரியும். காவல் இருந்தது நூலும் அரக்கும்தான். அரக்கு உடையல. அதனால நாம எல்லாரும் நூலைப் பாக்கல."

தலைப்பு முடிச்சை அவிழ்த்து நூலைச் சந்திரமோகனின் கையில் வைத்தார்.

"சார், இதுல ரெண்டு வெள்ளை இருக்கு. எங்க பட்டறை வெள்ளை பால் மாதிரி. நடுவுல ஒரு விரல் நீளம் மட்டும் லேசா மஞ்சள் ஓடின வெள்ளை. என் நூலை வெட்டி, வேற துண்டு ஒண்ணை நடுவுல சேத்து ஒட்டியிருக்காங்க. ஒட்டின ரெண்டு எடத்துலயும் முடிச்சு கெடயாது. முறுக்கு. தடவிப் பாருங்க, விரல்ல சாம்பல் வரும்."

சந்திரமோகன் தடவினார். விரல் நுனி சாம்பல் நிறமானது.

"முடிச்சுப் போடாம சாம்பல் தொட்டு நூலை ஒட்டறவங்க இந்த ஊர்ல பாவு பிணைக்கிறவங்க. அவசரத்துலகூட அவங்க கைக்கு வேற வழி தெரியாது. நேத்து சாயந்திரம் இங்க வந்தவங்கள்ல பாவு பிணைக்கிறவங்க ஒருத்தர்தான்."

எல்லார் கண்களும் திரும்பின. சுபத்ரா மட்டும் திரும்பவில்லை.

"இல்ல," என்றாள் அவள். "காசியக்கா பண்ணாது. அது எதுக்கும்மா என்னக் கெடுக்கும்?"

"கெடுக்கலன்னுதான் நானும் சொல்ல வரேன். நானும் காலையிலேருந்து கெடுக்க வந்தவங்களைத்தான் தேடினேன். என் தப்பு." அவர் பட்டுத் துண்டை விரித்தார். "சேர்த்தது மில்லுத் தூள் இல்ல. மஞ்சளும் தனியாவும் போட்டு வீட்டுல வெச்சிருக்கற குழம்புத் தூள். குப்புராஜுக்கு இதுல சம்பந்தமே கெடயாது. இதப் பாருங்க, கரும்பு நார். சாஸ்ல போடறது சக்கரை. இது வெல்லத்துலேருந்து வந்தது. காரத்துக்குத் தூள் போட்டவங்க, அந்தக் காரம் தனியாத் தெரியக் கூடாதுன்னு வெல்லமும் போட்டிருக்காங்க. ஒருத்தர் சாஸைக் கெடுக்க வந்தவங்க அதுக்கு ருசி பாத்து வெல்லம் போடுவாங்களா?"

அவர் காசியம்மாளின் தோளில் கை வைத்தார்.

"காசியம்மாவோட உதட்டப் பாருங்க. தன் பல்லே தன் உதட்டக் கடிச்சது தெரியாத அளவுக்கு மரத்துப்போன வாய். அந்த நாக்குலதான் நேத்து அவ காரம் பாத்திருக்கா."

காசியம்மாள் உட்கார இடம் தேடினாள். குப்புராஜ்தான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"வீட்டுக்கு வந்ததும் சட்டியில ஒட்டினத வழிச்சு நாக்குல வெச்சேன்," என்றாள். வார்த்தைகள் வீக்கத்தில் இடறி வந்தன. "காயத்துல படக் கூடாதுன்னு நுனி நாக்குல வெச்சுத் தொடச்சுட்டேன். உறைக்கவே இல்ல. சுபத்ரா, கொழந்தைக்கு ஜுரம்னு நாலு நாளாத் தூங்காம கெடந்துச்சு, மொளகாயே போட மறந்துடுச்சுன்னு நெனச்சேன். தேடினா அஞ்சரை பஸ்ஸுக்குப் போயிடுச்சு. வீட்டுல இருந்த கொழம்புத் தூளும் வெல்லமும் எடுத்துகினு இங்க வந்து, எங்க பாட்டில் எனக்குத் தெரியாதா, நூலை வெட்டித் தொறந்து பாத்தேன். அதுவும் உறைக்கல. கொஞ்சம் போட்டேன். உறைக்கல. இன்னும் கொஞ்சம் போட்டேன்..."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மறந்துட்டன்னு ஆயிடும்ல. பத்து மாசம் ஒழைச்சுட்டுக் கடைசி நாள்ல மறந்துட்டியேன்னு நீயே உன்னத் திட்டிப்ப." அவள் சந்திரமோகனைப் பார்த்துக் கும்பிட்டாள். "போன வருசம் வேலூர்ல எனக்கு வயித்துல ஆபரேசன் சார். எங்க ஜனம் வந்து ரொட்டி குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிட்டாங்க. இந்தப் பொண்ணு எனக்கு ஒறவும் இல்ல, எங்க தெருவும் இல்ல. பதினோரு நாள் பக்கத்துல படுத்து, பீ மூத்திரம் எடுத்துச்சு. அதுக்கு நான் என்னிக்குக் கைமாறு பண்றதுன்னு நெனச்சுகினே இருந்தேன். பண்ணிட்டேன் பாருங்க."

காலையில் சந்திரமோகன் துடித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதி அவளுக்கும் படிக்கத் தெரியும்: முத்திரையைத் தொட்ட குழு போட்டியில் இல்லை. சொன்னாலும் சுபத்ராவுக்கு நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம் என்று ஒன்றரை மணி நேரமாக மடியில் விரலை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுபத்ரா நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுகூட ஒருவர் நினைத்தார். அவள் காசியம்மாளின் முன் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எனக்காக யாரும் நல்லதே பண்ணதில்லக்கா," என்றாள். "நீ தப்பே பண்ணியிருக்கியே."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மணி 12.15.

சந்திரமோகன் மூக்கைச் சிந்தினார். காரம் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா விதி விதிதான். முத்திரைய ஒடச்சது இவங்க ஆள்தான். நான் ஒண்ணாம் நம்பரத்தான் எடுக்கணும்."

எல்லாரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் தன் சட்டைச் சிவப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சுபத்ரா எழுந்து அவர் எதிரே வந்தாள். "அண்ணே, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

"சபையில சொன்ன, சபையிலயே மன்னிப்புக் கேட்ட. விடு." அவர் சந்திரமோகன் பக்கம் திரும்பினார். "சார், பல்லு புடுங்கினதால ஆர்டர் கெடச்சுதுன்னு நான் வீட்டுல எப்டி சொல்றது? என் பொண்டாட்டியே சிரிப்பா. அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் புதுசா வைக்கிறோம். தோத்தா நாக்குல தோக்கறேன்." சந்திரமோகன் சரியென்று தலையாட்டினார். குப்புராஜ் பிறகு குரலைத் தாழ்த்தி அபிதகுசாம்பாளிடம், "இன்னிக்கு நீங்க இல்லன்னா என் பேரு போயிருக்கும். மறக்க மாட்டேன்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை. காலை மணி 10.20.

இந்த முறை இராஜமாணிக்கம் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தார். நூலை அபிதகுசாம்பாளே வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரே வெள்ளை.

ஒன்றாம் நம்பரைச் சந்திரமோகன் சுவைத்து, நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் நம்பரை ஜாக்கிரதையாக, மோர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே, நாக்கில் வைத்து விழுங்கினார்.

"ஒண்ணும் தெரியலியே," என்றார்.

அபிதகுசாம்பாள் சாஸைப் பார்க்கவில்லை. பின்வரிசையில், வீக்கம் வடிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த காசியம்மாளின் கையைப் பார்த்தார். அவளது கட்டைவிரல் நகர்ந்தது. பதினாறு. பதினேழு. உதடு அசையவில்லை. பதினெட்டு. அபிதகுசாம்பாளின் விரலும் தானாகவே சேர்ந்து நகர்வதை அவர் கவனித்தார். பத்தொன்பது.

இருபது.

சந்திரமோகனின் புருவம் உயர்ந்தது. அவர் மோர் டம்ளரைக் குடிக்காமலே மேஜையில் வைத்தார்.

"அடடா," என்றார். "இப்பதான் வருது." இன்னொரு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். அதை விழுங்கிவிட்டு, சுபத்ராவைப் பார்த்து, "முதல் நானூறு எப்பம்மா தருவ?" என்று கேட்டார்.

குப்புராஜ் எட்டி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ம்," என்றார்.

அபிதகுசாம்பாள் எழுந்து பின்வரிசைக்குப் போனார். முப்பது வருடம் தாமதமான வார்த்தை ஒன்று அவரிடம் இருந்தது. காசியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பல் ஏறிய அந்த விரல்களைத் தன் சாயம் ஏறிய விரல்களுக்குள் எடுத்துக்கொண்டு, அதை அவர் சொன்னார்.